லாக்கரில் பெயர் இருந்தால் நகை யாருக்கு? பெற்றோர் மறைவுக்குப் பின் கூட்டு லாக்கர்: ஓர் எளிய விளக்கம்

அம்மாவும் மூத்த மகளும் சேர்ந்து வங்கியில் ஒரு லாக்கர் வைத்திருக்கிறார்கள். அம்மா இறந்துவிடுகிறார். "லாக்கர்ல என் பேரு இருக்கு, அதனால உள்ள இருக்கிறது எனக்குத்தான்" என்கிறார் மகள். "அது அம்மா நகை, அக்கா. எல்லாருக்கும் பங்கு உண்டு" என்கிறார் தம்பி. மேனேஜர் இரண்டு பேரிடமும் ஏதோ படிவங்களை நீட்டுகிறார். இந்தியாவில் இந்தத் தகராறு எப்படி எழுகிறது, சட்டமும் ரிசர்வ் வங்கி விதிகளும் என்ன சொல்கின்றன, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

திறக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு

லாக்கர் என்பது வாடகைக்கு எடுத்த பெட்டி. வங்கியுடன் போடும் ஒப்பந்தம் அதை யார் திறக்கலாம் என்பதைச் சொல்கிறது, உள்ளே இருப்பது யாருடையது என்பதைச் சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. வீட்டுச் சாவி ஒருவர் கையில் இருப்பதால் உள்ளே இருக்கும் பீரோ யாருடையது என்று முடிவாகிவிடாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். கூட்டு லாக்கரில் பெயர் இருப்பது திறக்கும் உரிமைக்குச் சான்று. உள்ளே இருக்கும் சங்கிலி யாருடையது என்பது அதை வாங்கியது யார், யாருக்குக் கொடுத்தார்கள், உயில் உண்டா, வாரிசுகள் யார் யார் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "நகை யாருக்கு" என்பதல்ல. "இப்போது லாக்கரை யார் திறக்கலாம்" என்பது.

ஒப்பந்தத்தில் எந்த முறை எழுதப்பட்டிருக்கிறது?

கூட்டு லாக்கர் என்று பொதுவாகச் சொன்னாலும், உள்ளே பல வகை உண்டு. வங்கியில் உள்ள லாக்கர் ஒப்பந்தத்தையும் நாமினி பதிவையும் பார்த்தால்தான் எது என்று தெரியும். வீட்டில் யாரும் நினைவிலிருந்து சொல்வதை நம்ப வேண்டாம்.

'ஐதர் ஆர் சர்வைவர்' அல்லது 'எனிஒன் ஆர் சர்வைவர்' என்று இருந்தால், ஒருவர் இறந்தபின் உயிரோடு இருப்பவர் திறக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால், முதல் பெயருக்குரியவர் இருக்கும்வரை அவருக்கு மட்டும். அவருக்குப் பின் இரண்டாமவருக்கு.

சிக்கல் வருவது 'கூட்டுக் கையெழுத்தில் மட்டும்' என்ற முறையில். 'ஜாயின்ட்' என்ற சொல்லைப் பார்த்து, ஒருவர் போனால் மற்றவர் திறக்கலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து இனி வராது. நாமினி பதிவாகியிருந்தால், உயிரோடு இருக்கும் லாக்கர்தாரரும் நாமினியும் சேர்ந்து வந்தால்தான் வங்கி திறக்கும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இன் 45இசட்இ பிரிவு சொல்வது இதைத்தான். நாமினியும் இல்லையென்றால், இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசுகள் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். மகள் இணை லாக்கர்தாரராக இருந்தும் தம்பியின் கையெழுத்து இல்லாமல் நகராத நிலை இப்படித்தான் உருவாகிறது.

அப்பாவின் உடல்நலக் குறைவின்போது "என் மகன் வந்து லாக்கரைத் திறக்கலாம்" என்று வங்கியில் அதிகாரக் கடிதமோ பவரோ கொடுத்திருக்கலாம். அப்பா இறந்த நொடியில் அது செல்லாது. அதைக் காட்டித் திறப்பது பிறகு நீதிமன்றத்தில் மகனுக்கு எதிராகவே திரும்பும்.

நாமினி உரிமையாளரா?

இல்லை. லாக்கரை நாமினிக்கோ உயிரோடு இருக்கும் இணை லாக்கர்தாரருக்கோ திறந்துவிடும்போது, அவர் வாரிசுகளின் சார்பில் பொறுப்பாளராக மட்டுமே பொருட்களைப் பெறுகிறார் என்பதை வங்கி அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் லாக்கர் விதிகள் சொல்கின்றன. காப்பீட்டு நாமினி பற்றி 1984-இலும், வங்கி வைப்புத்தொகை நாமினி பற்றி 2010-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதே கருத்துதான்: நாமினிக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு, அதனால் வாரிசுகளின் பங்கு அழியாது.

நாமினி இருந்தால் வங்கிக்கு வேலை எளிது. வாரிசுரிமைச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு என்று அலைய வைக்கத் தேவையில்லை; அப்படிக் கேட்பது தேவையற்றது என்று விதியே சொல்கிறது. ஆனால் வங்கியின் வாசலைத் தாண்டியதும் நாமினியின் தலையில் பொறுப்பு ஏறுகிறது. வாரிசுகளுக்குக் கணக்கு சொல்ல வேண்டியவர் அவர்தான்.

2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். லாக்கரைப் பொறுத்தவரை இது ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசை மட்டுமே. முதல் நாமினி இல்லாதபோதுதான் அடுத்தவர். நான்கு பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டால் நகை நான்காகப் பிரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

"அம்மா நகை பொண்ணுக்குத்தான்"

வழக்கம் அப்படி இருக்கலாம். சட்டம் அப்படி இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, அம்மாவின் நகை அவருடைய முழுச் சொத்து. உயில் எழுதாமல் இறந்தால் கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அம்மாவுக்கு 60 பவுன் இருந்து, கணவரும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருந்தால் ஆளுக்கு 15 பவுன். ஒரு மகள் முன்பே இறந்திருந்தால் அவருடைய 15 பவுன் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். 'அவதான் இல்லையே' என்று அந்தப் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ள முடியாது.

அப்பா இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அப்பாவைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது அவர்களோடு சேர்ந்து சம பங்கு பெறுபவர். பாட்டி உயிரோடு இருக்கும் வீட்டில் இதை மறந்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பிரித்த பிறகு, பாட்டியின் பங்கைக் கேட்டு அத்தையோ சித்தப்பாவோ வந்து நிற்பது புதிதல்ல.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும்: பிள்ளைகள் இருந்தால் உயிரோடு இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஷரியத் பங்கு முறை. அதில் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் உயிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

உயில் இருந்தால் கணக்கு மாறும். பல வீடுகளில் அந்த உயிலும் அதே லாக்கருக்குள் இருப்பதுதான் கொடுமை. உயிலைப் பார்க்காமல் யாருக்கு உரிமை என்று தெரியாது. உரிமை தெரியாமல் எடுக்க முடியாது. பட்டியல் எடுக்கும் அன்று எல்லோர் முன்னிலையிலும் உயில் வெளியே வந்தால்தான் பிறகு 'இதை நீ எழுதிக் கொண்டுவந்து வச்ச' என்ற பேச்சு எழாது.

"எனக்கு எப்பவோ கொடுத்துட்டாங்க"

அடுத்து வரும் வாதம் இது. அசையும் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் கட்டாயமில்லை. பொருளைக் கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு. அப்படியானால் ஒப்படைத்தார்களா? நகை அம்மாவின் தனி லாக்கரில் இருந்திருந்தால் ஒப்படைத்தார் என்று நிறுவுவது கடினம். கூட்டு லாக்கரில் இருந்திருந்தால் இரு தரப்புக்கும் வாதம் உண்டு. மகள் அந்த ஒட்டியாணத்தைத் தொடர்ந்து அணிந்துவந்த படங்கள், "இது இனி உனக்கு" என்று அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, நகையை மகளின் பெயரில் மாற்றிச் செய்த கடை ரசீது போன்றவைதான் எடை போடும். லாக்கரில் பெயர் இருந்தது என்பது மட்டும் போதாது.

இதன் மறுபக்கமும் உண்டு. மகளின் சொந்தக் கல்யாண நகையும் அம்மாவின் நகையும் ஒரே பெட்டியில் கிடக்கும். சில நேரம் மருமகளின் நகையும், அத்தை பாதுகாப்புக்குக் கொடுத்துவைத்த வளையலும்கூட. லாக்கரில் இருந்ததெல்லாம் இறந்தவருடையது என்ற அனுமானத்தில் பங்கு பிரித்தால் இவர்கள் ஏமாந்துபோவார்கள். கல்யாண ஆல்பம், கடை ரசீது, நகைக் கடன் வைத்தபோது வங்கி கொடுத்த எடைச் சீட்டு, 2015-க்கு முன் செல்வ வரி கட்டியவராக இருந்தால் அந்தப் பழைய மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றைத் தேடி எடுங்கள். நகைக் கடன் சீட்டு பலருக்குத் தோன்றாத நல்ல ஆதாரம்: தேதி, எடை, யார் பெயர் என மூன்றும் அதில் இருக்கும்.

இறப்புக்குப் பின் செய்ய வேண்டியது

இறப்புச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே, கிளைக்கு எழுத்துபூர்வமாக இறப்பைத் தெரிவித்துவிடுங்கள். நகலில் வங்கி முத்திரையுடன் தேதி வாங்குங்கள். தெரியாதவரை வங்கி வழக்கம்போல இணை லாக்கர்தாரருக்குத் திறந்துவிடும். அதில் வங்கியின் மீது குற்றம் சொல்ல முடியாது.

பிறகு உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், கோருபவரின் அடையாளச் சான்று. நாமினியோ சர்வைவர் விதியோ இருந்தால் பொதுவாக இதோடு முடிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசு சான்றிதழும், கோராத வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பவர் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இதைத் தவறவிட்டுத் திரும்ப எழுதிவாங்குவதில் பல மாதங்கள் போகும்.

எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி கோரிக்கையைப் பரிசீலித்து, பட்டியல் எடுக்கும் தேதியை முடிவு செய்யத் தொடர்புகொள்ள வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட விதி இது. வங்கிகள் இதை நடைமுறைப்படுத்த 2026 மார்ச் 31 வரை காலம் தரப்பட்டது. கிளையில் இதைச் சொல்லிக் கேளுங்கள். சரிவராவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன்பின் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். ஆனால் வங்கியின் தாமதத்தைத்தான் அங்கே முறையிட முடியும். அண்ணன் தங்கை பங்குச் சண்டையை அவர் தீர்க்க மாட்டார்.

பட்டியல் எடுக்கும் நாள்

முழு விவகாரத்திலும் மிக முக்கியமான ஒரு மணி நேரம் இது. பொருட்களை எடுக்க அனுமதிக்கும் முன், நாமினி அல்லது உயிரோடு இருக்கும் லாக்கர்தாரர், இரண்டு சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் வங்கி பட்டியல் எழுத வேண்டும். பிற்பாடு வரும் எந்த வழக்கிலும் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான். அதை அவசரமாக எழுதி முடிப்பதில்தான் பின்னால் வரும் சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது.

படிவத்தில் பொருளின் விவரம், வேறு அடையாளங்கள் என்று இரண்டு பத்திகளே பெரிதாக இருக்கும். எடைக்குத் தனி இடம் இல்லை. வங்கி அதிகாரி நகை மதிப்பீட்டாளர் அல்ல என்பதால் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி – 1" என்று எழுதிவிட்டுப் போகலாம். 2 பவுன் சங்கிலிக்கும் 10 பவுன் சங்கிலிக்கும் அந்த வரியில் வித்தியாசமே இல்லை. ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு நகை மதிப்பீட்டாளரையும் மின்னணுத் தராசையும் கொண்டுவர அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு பொருளின் மொத்த எடை, கல் இருக்கிறதா, ஹால்மார்க் எண் அல்லது கடை முத்திரை ஆகியவற்றை அடையாளப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். எடை போட கிளை மறுத்தால், லாக்கர் அறைக்கு வெளியே வந்தவுடனே எல்லோர் முன்னிலையிலும் எடை போட்டு, தனித் தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது மூடிய பொட்டலங்கள். முத்திரையிட்ட அல்லது மூடிய பொட்டலத்தைத் திறந்து பார்க்கும் கடமை வங்கிக்கு இல்லை. "துணிப் பை – 1" என்று எழுதி அப்படியே கொடுத்துவிடலாம். பிறகு அந்தப் பையில் 30 பவுன் இருந்தது என்பவருக்கும் பழைய ரசீதுகள்தான் இருந்தன என்பவருக்கும் இடையே எந்தத் தாளும் தீர்ப்பு சொல்லாது. பொட்டலங்களைப் பிரித்துப் பட்டியலிட எல்லா வாரிசுகளும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுப்பதே நல்லது.

நாமினி மட்டும் வந்தாலே வங்கி பட்டியல் எடுக்கும். மற்ற வாரிசுகளை அழைக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. நாமினியாக இருப்பவர் தானே முன்வந்து தேதியை எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்து வரச் சொன்னால், பிற்பாடு வரும் பாதிக் குற்றச்சாட்டு அன்றே உதிர்ந்துவிடும்.

லாக்கரில் பணக் கட்டுகள் கிடைத்தால் கூடுதல் தலைவலி. இப்போதைய லாக்கர் ஒப்பந்தங்கள் நகை போன்ற மதிப்புள்ள பொருட்களுக்கும் ஆவணங்களுக்கும் மட்டுமே. ரொக்கம் வைக்கக் கூடாது. நோட்டுகளின் மதிப்பு, எண்ணிக்கையையும் பட்டியலில் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இடையில் யாரோ திறந்துவிட்டால்

இறந்த நாளுக்கும் வங்கிக்குத் தெரிந்த நாளுக்கும் இடையில் இணை லாக்கர்தாரர் திறந்திருக்கிறார் என்ற சந்தேகம் அடிக்கடி வரும். இதைச் சண்டை போட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. யார் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடினார் என்பதை வங்கி கையெழுத்துடன் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். லாக்கர் திறந்த அன்றே பதிவு செய்த செல்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் தகவல் போக வேண்டும். இறந்தவரின் பழைய செல்பேசியைப் பாருங்கள், அந்த சிம்மை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். லாக்கர் அறையின் நுழைவு, வெளியேறும் வழிகளில் உள்ள கேமரா பதிவுகளை வங்கி குறைந்தது 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் குடும்பப் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு ஏழாவது மாதம் கேட்டால் அந்தப் பதிவு இருக்காது. பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதத்தை முதல் வாரமே கொடுங்கள்.

கேமராவும் பதிவேடும் ஒருவர் போனதைக் காட்டும். என்ன எடுத்தார் என்பதைக் காட்டாது. இறந்தவரிடம் இருந்த பொருளை நேர்மையற்று எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 315-ஆவது பிரிவின்கீழ் குற்றம்தான். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்ற ஆதாரம் இல்லாமல் போன புகார், 'இது சிவில் தகராறு' என்று திரும்பி வருவதே அதிகம்.

வங்கியைத் தடுக்கக் கடிதம் போதுமா?

போதாது. "என் அக்காவுக்கு லாக்கரைத் திறந்துவிடாதீர்கள்" என்று தம்பி மேனேஜருக்கு எழுதினால், அந்தக் கடிதத்துக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் வங்கிக்கு இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்எஃப் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. நீதிமன்றத்தின் உத்தரவோ தீர்ப்போ வந்தால் மட்டும் வங்கி அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பல கிளைகள் தகராறு வாசனை பட்டதும் எச்சரிக்கைக்காகத் தாங்களே நிறுத்திவைக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

உண்மையிலேயே தடுக்க வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, அதோடு இடைக்காலத் தடை கேட்க வேண்டும். லாக்கரைத் திறந்து பட்டியல் எடுக்க ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கவும் மனுச் செய்யலாம். ஒருவரை ஒருவர் நம்பாத குடும்பத்துக்கு இதுவே மிகச் சுத்தமான வழி: கமிஷனர் எல்லோரையும் வைத்துக்கொண்டு திறந்து, எடை போட்டு, நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார்.

இங்கே ஒரு சான்றிதழ்க் குழப்பம். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும், பங்கைச் சொல்லாது. நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி கடன்களுக்கும் பங்குப் பத்திரம் போன்றவற்றுக்குமானது. நகை அந்த வரையறைக்குள் வருவதில்லை. லாக்கர் நகைக்காக இந்தச் சான்றிதழ் கேட்டு ஒரு வருடம் செலவழித்த பிறகு நிர்வாக உரிமைப் பத்திரம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவருக்குத் தரும் அதிகாரம்) கேட்டோ பாகப்பிரிவினை கேட்டோ வழக்குப் போட வேண்டியிருந்தது என்று தெரியவருவது வேதனையானது. மனுப் போடும் முன் வக்கீலிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.

பிரிப்பது

சம்மதத்துடன் பிரிப்பவர்கள் முதலில் விலைத் தேதி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது பேச்சு இழுத்தால் கணக்கு மாறிவிடும். மொத்த எடையை நம்பிப் பிரிக்க வேண்டாம். பழைய நகைகளில் அரக்கும் கல்லும் கணிசமான எடை. கல், அரக்கு கழித்த நிகரத் தங்க எடையும் தரமும் தெரிந்தால்தான் 8 கிராம் என்பது உண்மையான ஒரு பவுன். உருக்க மனம் வராத தாலிக்கொடி, காசுமாலை போன்றவற்றை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாக ஈடு செய்யலாம். எழுதி, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு, பட்டியலை இணையுங்கள். நகை மட்டும் என்றால் பதிவு கட்டாயமில்லை.

லாக்கரைத் தொடர விரும்புபவர் தன் பெயரில் புதிய ஒப்பந்தம் போட வேண்டும். யாருக்கும் வேண்டாமென்றால் சாவியை ஒப்படைத்து மூடிவிடலாம். முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதிக் காலத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். சண்டை முடியட்டும் என்று அப்படியே விட்டுவிடவும் கூடாது. மூன்று வருடம் வாடகை கட்டாவிட்டால் உரிய அறிவிப்புகளுக்குப் பின் வங்கி லாக்கரை உடைத்துத் திறக்கலாம். இன்னொன்று: லாக்கர் கொடுக்கும்போது மூன்று வருட வாடகைக்கும் உடைக்கும் செலவுக்கும் ஈடாக வங்கி ஒரு வைப்புத்தொகை வாங்கியிருக்கக்கூடும். அது பெரும்பாலும் இறந்தவர் பெயரிலேயே இருக்கும், லாக்கரோடு தானாகத் திரும்பாது. அதற்குத் தனியாக உரிமைகோரல் படிவம் கொடுக்க வேண்டும்.